வராத பிராசசருக்கு விலை கேட்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் இருக்கும் என் அக்காள் மகனுக்குக் கல்யாண வீடியோ தொகுப்பதுதான் தொழில். மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்சந்தை என்று எங்கே முகூர்த்தம் நடந்தாலும் மறுநாள் நானூறு, ஐந்நூறு கிளிப்புகள் அவனுடைய கணினியில் வந்து குவியும். கணினிக்கு வயது ஆறு. ஒரு மணி நேரப் படத்தை ரெண்டர் செய்ய, அதாவது கிளிப்புகளைக் கோத்து ஒரே படமாக்க, போட்டுவிட்டுச் சாப்பிட்டு, படுத்து, எழுந்து வந்தாலும் பச்சைக் கோடு பாதி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும். போன மாதம் வடசேரியில் என் வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டான்: "மாமா, அடுத்த தலைமுறைப் பிராசசர் வரப்போகிறதாமே. என்ன வேகம் இருக்கும்? என்ன விலை வரும்? என் போர்டில் உட்காருமா?"

மூன்றும் நல்ல கேள்விகள்தான், வரிசைதான் தலைகீழ். பிராசசர் என்பது கணினியின் மூளையான சில்லு; மதர்போர்டு, அதையும் மற்ற பாகங்களையும் தாங்கும் பலகை. இன்னும் கடைக்கு வராத பிராசசரைப் பற்றி முன்கூட்டியே கிட்டத்தட்ட உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடியது, அது எந்த மதர்போர்டில் பொருந்தும் என்பது. விலையை ஓரளவு கணிக்கலாம். வேகத்தை மட்டும், அது வெளிவந்து நான்கு பேர் சோதித்துப் பார்க்கும் வரை, யாரும் ஒழுங்காகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஊரில் எல்லோரும் வேகத்தைப் பேசி, விலைக்குச் சண்டை போட்டு, போர்டைப் பற்றிப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் யோசிக்கிறார்கள். "உன் போர்டின் பெயர் என்ன?" என்று கேட்டேன். கேபினெட்டின் நிறத்தைச் சொன்னான்.

ஆகவே கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குவோம்.

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சதுரமான இருக்கைக்கு சாக்கெட் என்று பெயர். பிராசசர் செய்யும் இரண்டு பெரிய நிறுவனங்கள் இன்டெல், ஏஎம்டி. இன்டெல் சாக்கெட்டுகளின் பெயரில் இருக்கும் எண் வெறும் அலங்காரம் அல்ல. அத்தனை தொடுமுனைகள் அதில் இருக்கின்றன என்று பொருள். எல்ஜிஏ1700 என்றால் 1700, எல்ஜிஏ1851 என்றால் 1851. ஏஎம்டி வேறு மாதிரிப் பெயர் வைக்கிறது: ஏஎம்4 சாக்கெட்டில் 1331 முனைகள், ஏஎம்5 சாக்கெட்டில் 1718. ஏஎம்4 வரை ஊசி போன்ற கால்கள் பிராசசரின் அடியில் இருந்தன. ஏஎம்5-இல் அவை போர்டுக்கு இடம் மாறிவிட்டன, பிராசசரின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். முன்பு கை தவறினால் பிராசசரின் கால் வளையும், இப்போது போர்டின் கால் வளையும். எண்ணிக்கை வேறுபட்டால் உட்காராது என்பது குழந்தைக்கும் புரியும். சிக்கல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போதுதான் தொடங்குகிறது.

2015-இல் இன்டெல் தன் 6-ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு எல்ஜிஏ1151 சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 7-ஆம் தலைமுறையும் அதிலேயே உட்கார்ந்தது. 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே 1151. பழைய போர்டில் வைத்தால் அழகாகப் பொருந்தும், ஆனால் ஓடாது. பயன்படுத்தாமல் விட்டிருந்த முனைகள் சிலவற்றை இன்டெல் மின்சாரத்துக்கு ஒதுக்கிவிட்டது. 300 வரிசை சிப்செட் உள்ள புதுப் போர்டுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. சிப்செட் என்பது போர்டில் இருக்கும் இன்னொரு சில்லு. யுஎஸ்பி, ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் போன்றவற்றின் போக்குவரத்தைக் கவனிப்பது. எச்610, பி650, இசட்790 என்று போர்டின் பெயரில் வருவது இதன் பெயர்தான். ஆக, சாக்கெட் ஒத்துப்போவது முதல் படி மட்டுமே. அடுத்த படி சிப்செட்.

மூன்றாவது படியில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவருக்குக் கணினி பூட்டிக் கொடுத்தேன். போர்டு அவரிடம் சும்மா கிடந்தது, பிராசசர் புதிது. சாக்கெட் சரி, சிப்செட் சரி. பவர் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கும்மிருட்டு. மெமரியை மாற்றிப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன். பக்கத்து வீட்டு மானிட்டரைத் தூக்கி வந்தேன். நான்கு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: போர்டில் இருந்த பயாஸ், இந்தப் பிராசசர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. புதிய விருந்தாளியின் முகம் அதற்குத் தெரியவில்லை.

பயாஸ் என்பது கணினி விழித்தெழுந்ததும் முதலில் ஓடும் சிறு நிரல். போர்டிலேயே ஒரு சில்லில் உட்கார்ந்திருக்கும். புதிய பிராசசர் வரும்போதெல்லாம் போர்டு தயாரிப்பாளர்கள் அதைப் புதுப்பிக்க வேண்டும், நாம் அந்தப் புதுப்பிப்பை ஏற்ற வேண்டும். ஏற்ற வேண்டுமென்றால் கணினி ஓட வேண்டும். ஓட வேண்டுமென்றால் பயாஸுக்குத் தெரிந்த பழைய பிராசசர் வேண்டும். செட்டிகுளம் பக்கம் ஒரு கடைக்காரர் பழைய பிராசசர் ஒன்றை ஒரு மணி நேரத்துக்குக் கடனாகக் கொடுத்ததால் தப்பித்தேன். இப்போது பல போர்டுகளில் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பென்டிரைவில் கோப்பைப் போட்டு, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, அந்தப் பொத்தானை அழுத்தினால் பிராசசர் இல்லாமலேயே வேலை முடிந்துவிடும். நூறு வண்ணத்தில் மின்னும் போர்டைவிட இந்தப் பொத்தான் உள்ள போர்டுக்கு நான் கூடுதல் பணம் கொடுப்பேன்.

அந்த நிரல் உட்கார்ந்திருக்கும் சில்லின் அளவே ஒருமுறை பெரிய தகராறாகிப் போனது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில், ரைசன் என்று அது பெயர் வைத்த பிராசசர்களில் முதல் சில 2017-இல் வந்தன. அதே சாக்கெட்டுக்கு 2022-ஐத் தாண்டியும் புதிய பிராசசர்கள் வந்துகொண்டே இருந்தன. பிராசசர்கள் பெருகப் பெருக, பல போர்டுகளில் இருந்த 16 எம்பி சில்லில் எல்லாவற்றின் விவரத்தையும் அடக்க இடமில்லை. 2020 மே மாதம், அடுத்து வரவிருக்கும் ரைசன்கள் பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. 2022-இல் அதற்கும் முந்தைய, ஏஎம்டியின் 300 வரிசைப் போர்டுகளுக்கும் கதவு திறந்தது. அதற்காகச் சில போர்டுகளின் பயாஸில் இருந்து மிகப் பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்கவும் வேண்டியிருந்தது.

எனவே, வரப்போகும் பிராசசர் எதில் உட்காரும் என்பதைக் கணிக்க முதலில் பார்க்க வேண்டியது, நிறுவனம் சாக்கெட்டைப் பற்றிக் கொடுத்திருக்கும் வாக்கு. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் பழக்கம் பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு ஒரு சாக்கெட். 12, 13, 14 என மூன்று தலைமுறைகளைத் தாங்கிய எல்ஜிஏ1700 விதிவிலக்கு. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையோடு எல்ஜிஏ1851 வந்தது.

அடுத்த அடையாளம் இன்னும் நம்பகமானது: போர்டு தயாரிப்பாளர்களின் பயாஸ் குறிப்புகள். ரைசன் 9000 வரிசை 2024 ஆகஸ்டில்தான் கடைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, அடுத்த தலைமுறைப் பிராசசருக்கான ஆதரவு என்ற குறிப்போடு ஏஎம்5 போர்டுகளுக்குப் புதிய பயாஸ்கள் வந்துவிட்டன. கல்யாணப் பத்திரிகை அச்சாகும் முன்பே மண்டபம் பதிவாகிவிடுவது போல.

போர்டு தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் உங்கள் போர்டின் பெயரைத் தேடினால், அது ஏற்றுக்கொள்ளும் பிராசசர்களின் பட்டியல் இருக்கும். பிராசசரின் பெயர், வேகம், வாட் என்று வரிசையாகப் போய், கடைசிக் கட்டத்தில் எந்தப் பயாஸ் பதிப்பில் இருந்து அது ஓடும் என்று ஒரு சிறு எண் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். சில நிறுவனங்களின் போர்டு மூலையில், எத்தனையாவது திருத்தம் என்பதை ரெவ் 1.0, ரெவ் 1.2 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் ரெவ் வேறானால் பட்டியலும் வேறு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாருங்கள்.

நான்காவது படி மின்சாரம். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும் ஏஎம்டி பிராசசர், சுமை ஏறும்போது 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் என்றால் 142, 170 வாட் என்றால் 230. இதைத் தாங்க வேண்டியது சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின் சீராக்கிகள். நல்ல போர்டில் அவற்றின் மேல் உலோகக் கவசம் இருக்கும், மலிவு போர்டில் மொட்டையாக நிற்கும். பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று, ஒரே சில்லுக்குள் 16 வேலையாட்கள் இருப்பது போன்ற 16 கோர் பிராசசரை மலிவு போர்டில் வைத்தால் ஓடும், ஆனால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் ஏப்ரல் வெக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டர் செய்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இனி விலை. தோவாளைப் பூச்சந்தைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓணத்துக்கு முந்தைய நாள் மல்லிகைக்கும் பிச்சிக்கும் ஒரு விலை. ஓணம் முடிந்த மறுவாரம் வேறு விலை. பூ அதே பூதான். பிராசசர் வெளியாகும் முதல் வாரம் ஓணத்துக்கு முந்தைய நாள். ரைசன் 7 7700எக்ஸ் 2022 செப்டம்பரில் 399 டாலருக்கு வந்தது. நவம்பரிலேயே 349-க்கு இறங்கியது. இரண்டு மாதம் பொறுத்தவர்களுக்கு 50 டாலர் மிச்சம்.

அறிவிப்பு விலையை முன்கூட்டியே கணிக்க நான் முதலில் பார்ப்பது போட்டி நிறுவனத்தை. 2019-இல் ரைசன் 5 3600எக்ஸ் 249 டாலர். மறு ஆண்டு வந்த 5600எக்ஸ் கணினி விளையாட்டுகளிலும் இன்டெலை முந்தியது, விலை 299 ஆனது. பிறகு 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் இன்டெலின் 12-ஆம் தலைமுறை வந்து அடித்தது. உடனே 2022 ஏப்ரலில் 199 டாலருக்கு 5600 வந்து நின்றது, எக்ஸ் என்ற எழுத்து மட்டும் இல்லாமல். எதிரி இல்லாத ஊரில் ஏறிய விலை, எதிர்க்கடை திறந்ததும் இறங்கியது. அதே நிறுவனத்தின் பழைய சரக்கையும் மறக்கக் கூடாது. ரைசன் 9000 வரிசை வந்தபோது 7000 வரிசை மலிவு விலையில் கடைகளில் கிடந்தது. அதனால் 9700எக்ஸ் 359 டாலருக்கும், 9600எக்ஸ் தன் முன்னவரைவிட 20 டாலர் குறைத்து 279-க்கும் வந்தன. ஆனால் கணினி விளையாட்டுக்காரர்கள் விரும்பும் 9800எக்ஸ்3டி மட்டும் தன் முன்னவரின் 449-இல் இருந்து 479-க்கு ஏறியது. அந்த இடத்தில் அதற்குப் போட்டியே இல்லை.

டாலர் விலையைப் பார்த்ததும் கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கி, "கடைக்காரர் ஏமாற்றுகிறார்" என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் வரி இல்லை. ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 டாலர் 27,000 ரூபாய். அதன் மேல் 18% ஜிஎஸ்டி 4,860. ஆக 31,860. இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை ஆகியோரின் லாபம் அதற்கு மேல். துபாயில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வாங்கிவரும் வழக்கம் நம் மாவட்டத்தில் சாதாரணம்தான். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டி செல்லுமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பெட்டியில்லாமல் ட்ரே பிராசசர் என்று விற்பார்கள். விலை கொஞ்சம் குறைவாக இருக்கும், வாரன்டி கடைக்காரரின் வாய்ச்சொல்லாக இருக்கக்கூடும்.

விலையைப் பிராசசரோடு நிறுத்திக் கணக்குப் போடுவது பெரிய தவறு. சாக்கெட் மாறினால் போர்டும் மாறும். ஏஎம்5, எல்ஜிஏ1851 இரண்டும் டிடிஆர்5 மெமரியைத்தான் ஏற்கும். கையில் இருக்கும் முந்தைய வகை டிடிஆர்4 அதில் பயன்படாது. 2025-இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, டிடிஆர்5 விலை கிடுகிடுவென ஏறியது. பிராசசரில் மிச்சம் பிடித்த மூவாயிரத்தை மெமரியில் இரண்டு மடங்காக இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக வேகம். எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்பார்கள். ஒரு பெண் நிமிடத்துக்கு எத்தனை முறை கையை ஓங்கி அடிக்கிறார் என்பதுதான் கிகாஹெர்ட்ஸ். ஓர் அடிக்கு எத்தனை கொட்டை உடைகிறது என்பது இன்னொரு கணக்கு. பிராசசர் மொழியில் அதை ஐபிசி என்பார்கள். வரிசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கோர்களின் எண்ணிக்கை. கையெட்டும் தூரத்தில் இருக்கும் கூடை, கேஷ் நினைவகம். கூடை காலியானால் கிடங்குக்கு எழுந்து போக வேண்டும், அந்த நேரத்தில் கை சும்மா இருக்கும்.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வேகத்தை ஊகித்தால் ஏமாறுவோம். 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியின் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ்; அதன் அண்ணன் 5800எக்ஸுக்கு 4.7. கோர்கள் இரண்டிலும் எட்டுதான். ஆனால் தம்பியின் கூடை 32 எம்பியில் இருந்து 96 எம்பியாகப் பெருத்திருந்தது. பல விளையாட்டுகளில் அண்ணனைத் தோற்கடித்தான். எதிர்த் திசையில் ஓர் உதாரணம்: 2021-இல் இன்டெல் கோர் ஐ9-11900கே, ஐபிசியில் 19% வரை முன்னேற்றம் என்ற அறிவிப்போடு வந்தது. ஆனால் முந்தைய 10900கேயில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் இதில் எட்டுப் பேர்தான். எல்லாக் கோர்களையும் வேலை வாங்கும் பல பணிகளில் பழையதே முந்தியது.

நிறுவனம் சொல்லும் சதவீதம் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. "வரை" என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். எந்தெந்த நிரல்களில் சோதித்தார்கள் என்று அடிக்குறிப்பில் பாருங்கள். வரைபடத்தின் அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். தொடங்காவிட்டால் ஐந்து சதவீத வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் போலத் தெரியும். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி சொன்னது, ஐபிசியில் சராசரியாக 16% முன்னேற்றம். விளையாட்டுச் சோதனைகளில் விமர்சகர்கள் பார்த்தது அதைவிட மிகக் குறைவு. சில கணக்கீட்டு வேலைகளில் உண்மையிலேயே நல்ல முன்னேற்றம் இருந்தது. இரண்டு பேர் சொன்னதும் அவரவர் வேலைக்குச் சரி.

கசியும் சோதனை எண்களை நான் வேடிக்கைக்கு மட்டும் பார்ப்பேன். அவை பெரும்பாலும் மாதிரிச் சில்லுகளில், முழு வேகம் திறக்கப்படாமல், அரைகுறைப் பயாஸில் எடுத்தவை. வெளிவந்த பிறகு வரும் விமர்சனங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராசசர்களைச் சோதிக்கும்போது திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டில் மிக உயர்ந்ததைப் போட்டு, திரையின் நுணுக்கத்தை 1080பி அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை குறைந்தால்தான் பிராசசர்களுக்கு இடையிலான வித்தியாசம் வெளியே தெரியும். நடுத்தர கார்டு வைத்திருக்கும் நம் வீட்டில் அந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போகலாம்.

வீடியோ தொகுப்பவனுக்கோ விளையாட்டு எண்களால் ஒரு பயனும் இல்லை. அவன் பார்க்க வேண்டியது, தன் கேமரா எழுதும் கோப்பு வகையைப் பிராசசரில் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி விரித்துக் கொடுக்குமா என்பது. இன்டெலில் குவிக் சிங்க் இந்த வேலையை நன்றாகச் செய்யும். ஆனால் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பகுதி இருக்காது. ஆயிரம், இரண்டாயிரம் குறைகிறதே என்று எஃப் வாங்கிவிட்டு வந்து புலம்பிய வீடியோக்காரர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லி, "மக்களே, வீட்டுக்குப் போய்ப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பு" என்றேன். இரவு ஒன்பதரைக்குப் படம் வந்தது. தூசிக்கும் ஒரு செத்த பல்லிக்கும் நடுவே பி450 என்று தெரிந்தது. ஏஎம்4. உள்ளே ரைசன் 5 2600, ஆறு கோர்கள். பயாஸ் 2019-ஆம் ஆண்டினது.

அவன் ஆவலோடு காத்திருந்த புதிய பிராசசர் இதில் உட்காரப் போவதில்லை. அதன் விலையும் வேகமும் இந்தக் கணினிக்குச் சம்பந்தமில்லாதவை. போர்டு தயாரிப்பாளரின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். ரைசன் 7 5700எக்ஸ் இருந்தது: எட்டுக் கோர்கள், 65 வாட், மொட்டைச் சீராக்கிகளும் தாங்கும். கையில் இருக்கும் டிடிஆர்4 மெமரியே போதும். கடைசிக் கட்டத்தில் இருந்த பயாஸ் எண், இவனுடையதைவிட மிகப் புதியது.

"பிராசசரை மாற்றிவிட்டுப் பயாஸ் ஏற்றலாமா மாமா?"

"பழையது உட்கார்ந்திருக்கும்போதே ஏற்று. கணினி ஒருமுறை நன்றாக எழுந்திருக்கிறதா என்று பார். அதற்குப் பிறகு கழற்று."

பென்டிரைவில் கோப்பைப் போட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பினான். வெளியே மழை பிடித்திருந்தது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றினாலும் தக்கலையில் மழைக்கு மின்சாரம் போவது போய்க்கொண்டுதான் இருக்கிறது. பயாஸ் பாதி எழுதியிருக்கும்போது மின்சாரம் நின்றால் போர்டு கல்லாகிவிடும். இவனுடைய போர்டில் ஃபிளாஷ்பேக் பொத்தானும் இல்லை. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரியும் வரை கையை வைக்காதே என்று எழுதினேன். பதினொன்று ஐந்துக்கு இன்வெர்ட்டரின் படத்தை அனுப்பினான்; விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது.